படத்தைப் பார்த்துக் கன்று வாங்காதீர்கள்

சிவகாசியிலும் திருத்தங்கலிலும் மொட்டை மாடியில் தொட்டி வைத்துப் பழச்செடி வளர்க்கும் இளம் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அச்சாபீஸ் வேலை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பையன்களைப் பார்க்கிறேன். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்வந்து, குழம்புக்குக் கூட்டிவைத்துவிட்டு மாடி ஏறும் பெண்களையும் பார்க்கிறேன். மனசு நிறைந்துபோகிறது. அவர்களில் பலர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "பெரியப்பா, ஸ்ட்ராபெர்ரியில எந்த ரகம் வச்சா நல்லா ருசியா இருக்கும்?"

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஜாம் பாட்டில் லேபிள், ஐஸ்கிரீம் அட்டைப்பெட்டி, தினசரி காலண்டரின் மேல் அட்டை. அவற்றில் எத்தனையோ நம் ஊர் ஆப்செட் இயந்திரங்களில் ஓடியவை. நானும் அந்த இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றே வயதானவன். தாளில் சிவப்பைக் கூட்டவும் குறைக்கவும் எங்களுக்கு வரும். பழத்தின் ருசியை எந்த மையும் கூட்டாது. அது ரகத்திலும், இரவுக் குளிரிலும், பறிக்கும் நாளிலும் இருக்கிறது. கேட்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

1. நாக்கில் வைத்துப் பார்க்காத பழத்தின் கன்றை வாங்காதீர்கள். பழக்கடையில் ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். சொந்தக்காரர் வீட்டு மரத்தில் ஒன்று பறித்துத் தின்று பாருங்கள். தின்னும்போது இனிப்பை மட்டும் தேடாதீர்கள். இனிப்புக்கு அடியில் ஒரு புளிப்பு நிற்க வேண்டும். வாயில் போடுவதற்கு முன்பே மணம் மூக்குக்கு வர வேண்டும். கடிக்கிற பதம் ஒன்று இருக்கிறது. இவை நாலும் சேர்ந்ததுதான் ருசி.

சந்தைக்கு வரும் ரகங்களில் பல, பயணத்தைத் தாங்குவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. தோல் கெட்டியாக இருக்க வேண்டும், பெட்டியில் அடுக்கினால் நசுங்கக் கூடாது, ஒரு வாரம் கடையில் நிறம் மாறாமல் இருக்க வேண்டும். வியாபாரிக்கு அது நியாயம். உங்களுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் பழம் மாடிப்படி இறங்கி அடுப்படிக்கு வந்தால் போதும். ஆகவே லாரி ஏற முடியாத மெல்லிய தோல் ரகத்தை, காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காத ருசியை, நீங்கள் தேடிப் பிடிக்கலாம். வீட்டில் பழம் வளர்ப்பதில் உள்ள பெரிய சுதந்திரம் இது. கடையில் பார்த்த பெரிய காய் ரகத்தையே கொண்டுவந்து தொட்டியில் வைத்தால் அந்தச் சுதந்திரம் வீணாகிப்போகும்.

2. உங்கள் ஊரின் இரவைத் தெரிந்துகொள்ளுங்கள். பகல் வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பழத்தின் சர்க்கரைக்குக் கணக்கு இரவில்தான் எழுதப்படுகிறது. பகலில் இலை சமைத்த சர்க்கரையைச் செடி இரவில் மூச்சு விட்டே செலவழிக்கும். இரவு வெக்கையாக இருந்தால் செலவு கூடும், பழத்துக்குப் போய்ச் சேருவது குறையும். நம் பக்கம் மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சித்திரை, வைகாசியில் பகல் 38, 40 என்று போகும். நடுச்சாமத்தில் சுவரைத் தொட்டாலும் சுடும்.

ஸ்ட்ராபெர்ரி குளிரில் பிறந்தது. இன்று உலகம் தின்னும் பெரிய பழம், அமெரிக்கக் கண்டத்தின் இரண்டு காட்டு இனங்கள் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சுத் தோட்டங்களில் கலந்து உண்டானது. அதில் ஒன்றை, சிலி நாட்டிலிருந்து 1714இல் கப்பலில் கொண்டுபோனவர் ஃப்ரேசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். இந்தியாவில் இதற்குப் பேர்பெற்ற இடம் மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,350 மீட்டர் உயரம். அங்கத்திப் பழத்துக்கு 2010இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் மாநிலத்தில் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளைகிறது. சிவகாசி இருப்பதோ நூறு மீட்டர் உயரத்தில்.

இந்தச் செடியின் பெரும்பாலான ரகங்கள் பகல் நீளம் குறையும்போது பூக்கும். நம் ஊரில் ஆனி மாதத்தில்கூடப் பகல் பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. ஆகப் பகல் நீளம் நமக்குத் தடையே இல்லை. தடை வெக்கை ஒன்றுதான். அதனால் நம் வாசல் முழுக்க அடைந்துவிடவில்லை. கார்த்திகையிலிருந்து மாசி வரை ஒரு கதவு திறந்திருக்கும்.

3. அந்தக் கதவு வழியாகப் போக ஆசைப்படுகிறவர்களைத் தடுக்க மாட்டேன். ஒரு குழந்தைக்குத் தன் வீட்டுத் தொட்டியில் சிவந்த பழத்தைக் காட்டுவது நல்ல காரியம். ஆனால் ரகம் தெரிந்து வையுங்கள்.

சாண்ட்லர் என்ற ரகம் 1983இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்டது. இனிப்பும் புளிப்பும் மணமும் அளவாகச் சேர்ந்தது. இந்தியாவில் வெகுகாலமாகப் பயிரில் இருப்பது. ஸ்வீட் சார்லி 1992இல் ஃப்ளோரிடாவில் வந்தது. சீக்கிரம் காய்க்கும், புளிப்பு குறைவு, பழம் மெத்தென்று இருக்கும். குறுகிய பனிக்காலம் உள்ள நமக்குச் சீக்கிரம் காய்க்கிறது என்பதே பெரிய தகுதி. நம் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விண்டர் டான் என்பதும் ஃப்ளோரிடாக்காரர்கள் முந்திக் காய்ப்பதற்காகக் கொண்டுவந்ததே. காமரோசா பெரிய பழம், கெட்டியான பழம், லாரிக்கு ஏற்ற பழம். செடியிலேயே கருஞ்சிவப்பாகும் வரை விட்டால் பரவாயில்லை; ஒரு நாள் முந்திப் பறித்தாலும் புளிப்புத்தான் மிஞ்சும்.

ருசிக்கென்றே உலகத்தார் கொண்டாடும் ரகம் ஒன்று இருக்கிறது: பிரான்சின் மாரா தே புவா. காட்டு ஸ்ட்ராபெர்ரியின் மணத்தைத் தோட்டப் பழத்துக்குள் கொண்டுவந்தவர்கள் என்று அதை வளர்த்தவர்களைப் புகழ்வார்கள். அதைத் தேடி நீங்கள் பணம் செலவழிக்க வேண்டாம். குளிர்ந்த இரவு இல்லாத இடத்தில் அந்த மணம் வராது.

இன்னொரு செய்தியைச் சொல்ல எனக்கு ஆசை. நம் நீலகிரியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய ஒரு காட்டு ஸ்ட்ராபெர்ரி உண்டு: ஃப்ரகேரியா நீல்கெரென்சிஸ். சின்னப் பழம், வெளிறிய நிறம், காலண்டரில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்த இனத்தைத் தோட்டத்து ஸ்ட்ராபெர்ரியோடு கலந்துதான் ஜப்பான்காரர்கள் பீச் பழத்தின் வாசனை வரும் டோக்குன் என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். நிறத்தையும் பருமனையும் வைத்துப் பழத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

நடுகிற முறை சுருக்கமாக: ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும், மலைப் பகுதி நர்சரியிலிருந்து ஓடு தண்டில் எடுத்த நாற்றை வாங்கி வையுங்கள். இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதி மண்ணுக்குள் புதையக் கூடாது, புதைந்தால் அழுகும். வேர் வெளியே தெரியவும் கூடாது. பிளாஸ்டிக் தொட்டியைவிட மண் தொட்டி வேரைக் குளிர்ச்சியாக வைக்கும். காலை வெயில் படட்டும், பதினொரு மணிக்கு மேல் நிழல் வேண்டும். பழம் மண்ணில் படாமல் அடியில் வைக்கோல் போடுங்கள். அணிலுக்கு வலை கட்டுங்கள். பங்குனியில் செடி வாடத் தொடங்கினால் மனம் தளராதீர்கள். நம் சமவெளியில் அதை ஒரு பருவச் செடியாகத்தான் எண்ண வேண்டும்.

4. பாக்கெட்டில் வரும் ஸ்ட்ராபெர்ரி விதையை வாங்காதீர்கள். பெரிய பழ ரகங்களின் விதையை முளைக்கவைத்தால் தாய்ச் செடியின் குணம் அப்படியே வராது. எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரகம் மாறாமல் வேண்டுமென்றால் ஓடு தண்டு நாற்றோ திசு வளர்ப்பு நாற்றோதான் வழி. கைப்பேசியில் நீல நிற ஸ்ட்ராபெர்ரிப் படம் போட்டு விதை விற்கிறார்கள். நீல ஸ்ட்ராபெர்ரி என்ற ரகமே உலகத்தில் கிடையாது. அது கணினியில் நிறம் மாற்றிய படம்.

5. மண்ணும் தண்ணீரும். நம் கரிசலில் சுண்ணாம்பு அதிகம், களர்த்தன்மை பக்கம் சாய்ந்தது. ஸ்ட்ராபெர்ரிக்குக் கொஞ்சம் அமிலம் பக்கம் சாய்ந்த மண் வேண்டும், 5.5 முதல் 6.5 வரை கார அமில நிலை. கரிசலில் வைத்தால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஆகவே செம்மண், மக்கிய தொழு உரம், நன்றாக அலசிய தென்னை நார்க் கழிவு என்று கலந்து தொட்டிக்குத் தனியாக மண் கூட்ட வேண்டும்.

அதைவிடப் பெரிய சங்கடம் போர் தண்ணீர். பழப் பயிர்களில் உப்புக்கு மிகவும் அஞ்சும் செடிகளில் ஸ்ட்ராபெர்ரியும் ஒன்று. இலை ஓரம் கருகி உள்ளே சுருளத் தொடங்கினால் நோய் என்று மருந்தைத் தேடி ஓடாதீர்கள், தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைத்தண்ணீரை மாடியிலிருந்து குழாய் வைத்துத் தொட்டியில் பிடித்து மூடி வைத்தால், நாலு தொட்டிச் செடிக்கு மாசி வரை வரும். நெகிழி நீர்த்தொட்டியை மூடாமல் விட்டால் கொசு பெருகும், கவனம்.

6. இனி நான் மனசாரச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். நம் காற்று வறண்டது. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்து இங்கே தொடங்கியபோது, குச்சியும் மருந்தும் சீக்கிரம் காய்ந்துபோகும் இந்த வறண்ட காற்றுதான் கை கொடுத்தது. பட்டாசும் அச்சும் அதன் பின்னால் வந்தவை. அதே காற்றில் ருசி ஏறும் பழங்கள் உண்டு. கொய்யா, சீத்தா, கொடுக்காப்புளி, இலந்தை, மாதுளை. ஸ்ட்ராபெர்ரிக்கு நீங்கள் செலவழிக்கும் அக்கறையில் பாதியை இவற்றுக்குக் கொடுத்தால், மலைப்பழம் தராத ருசியை உங்கள் மாடி தரும்.

கொய்யாவில் தொடங்குங்கள். லக்னோ-49 என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். 1927இல் பூனாவில் சீமா என்ற தோட்டக்கலை அறிஞர், அலகாபாத் சஃபேதா விதையில் முளைத்த கன்றுகளிலிருந்து தேர்ந்தெடுத்தது இது. தோல் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். வெள்ளைச் சதை. இனிப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய புளிப்பு வந்து நிற்கும். அதன் தாயான அலகாபாத் சஃபேதா இன்னும் மென்மை, வழுவழுப்பான தோல். மணத்தில் எனக்கு அதுதான் உசத்தி. சிவப்புச் சதை வேண்டுமென்றால் லக்னோ ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த லலித், பெங்களூரு கொடுத்த அர்க்கா கிரண்.

இப்போது நர்சரிகளில் எங்கே போனாலும் தைவான் பிங்க்தான் முன்னால் நிற்கிறது. சின்ன வயதிலேயே காய்க்கும், தொட்டிக்கு அடங்கும். அவசரக்காரருக்கு ஆகும். ருசியில் லக்னோ-49 பக்கத்தில் அது வராது என்பது என் தீர்மானம். அரைக்கிலோ, முக்கால் கிலோ தொங்கும் பெரிய கொய்யாக்களும் அப்படித்தான். மொறுமொறுப்பு இருக்கிறது, கொய்யாவின் மணம் எங்கே?

ரகத்துக்கு அடுத்தபடி பருவம். மழைக்காலக் கொய்யா தண்ணீர் கோத்துச் சப்பென்று இருக்கும், பழ ஈயும் புழுவும் அதில்தான் அதிகம். பனிக்காலப் பழம்தான் தின்ன வேண்டிய பழம். ஆனி கடைசியில் நுனிக் கிளைகளை ஒரு சாண் கவாத்து செய்துவிடுங்கள். புதுத் துளிரில் பூ வந்து, காய் திரண்டு, மார்கழி தையில் பழுக்கும். காய் எலுமிச்சை அளவு வந்ததும் வெற்றுக் காகிதப் பையால் மூடிக் கட்டுங்கள். அச்சடித்த தாள் வேண்டாம். மை பழத்தில் ஒட்டும்.

7. சீத்தாப்பழம். இதில் ரகம் பார்ப்பவர்கள் குறைவு. விதையைத் துப்பின இடத்தில் முளைத்ததை வளர்ப்பதே வழக்கமாக இருக்கிறது. தப்பில்லை, நல்ல மரத்து விதையில் பெரும்பாலும் நல்ல பழமே வரும். ஆனாலும் ஒட்டுக்கன்று வைத்தால் சீக்கிரம் காய்க்கும், குணமும் உறுதி. தெலங்கானாவின் பாலாநகர் ரகம் மணமும் இனிப்பும் நிறைந்தது. விதை அதிகம்தான், ஆனால் விதையைச் சுற்றி ஒட்டியிருக்கும் சதையில்தான் சீத்தாவின் ருசியே இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே, அருப்புக்கோட்டையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கு என்று தேர்ந்தெடுத்த ஏ.பி.கே.1 இருக்கிறது. நம் மண்ணில் பார்த்துத் தேர்ந்தது என்பதால் தரையில் வைப்பவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சஹான் பெரிய பழம், விதை குறைவு, இனிப்பு மிக அதிகம். எனக்கு அந்த இனிப்பு கொஞ்சம் திகட்டும். குழந்தைகள் விரும்புகிறார்கள்.

பூ நிறையப் பூத்துக் கொட்டிப்போகிறதே என்று வருந்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சீத்தாப் பூ முதலில் பெண்ணாக இருந்து, பிறகுதான் ஆணாகும். ஒரே பூ தன்னைத் தானே கருக்கட்டுவது கடினம். சின்னஞ்சிறு வண்டுகள்தான் மகரந்தம் சுமக்க வேண்டும். மொட்டை மாடிக்கு அவை ஏறி வருவது குறைவு. கோடையின் வறண்ட காற்றில் சூல்முடியும் சீக்கிரம் உலர்ந்துவிடும். ஆகையால் நீங்களே வண்டின் வேலையைச் செய்யுங்கள். இதழ் நன்றாக விரிந்த பூவிலிருந்து மகரந்தத்தை ஒரு சின்னக் கிண்ணியில் தட்டி எடுத்து, அதிகாலையில், இதழ் பாதி பிரிந்த பூவின் நடுவே மெல்லிய தூரிகையால் தடவுங்கள். தடவிய பூவில் பழம் கோணாமல் உருண்டையாகத் திரளும். அர்க்கா சஹானுக்கு மற்றச் சீத்தா மரத்து மகரந்தத்தைத் தடவினால் நல்லது.

ஒரு எச்சரிக்கை. சீத்தா விதையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

8. கொடுக்காப்புளிக்கு ஒரு நல்ல இடம் கொடுங்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம், மணிலா வழியாகக் கப்பலில் ஆசியாவுக்கு வந்தது. நம் கரிசலோடு எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், இது இங்கே பிறந்தது இல்லை என்று சொன்னால் கிராமத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் கூறுகட்டி விற்கும் பாட்டியிடம் வாங்கித் தின்று பார்த்தே ருசி பழகியவர்கள் நாங்கள். வேலியில் நிற்கும் மரங்களில் மரத்துக்கு மரம் ருசி மாறும். ஒன்று தொண்டையைப் பிடிக்கும், அடுத்தது பஞ்சுபோல் கரைந்து இனிக்கும். விதைக் கன்றை நம்பி வைத்தால் எது வாய்க்கும் என்பது அதிர்ஷ்டம். இனிக்கிற மரத்தைக் கண்டுபிடித்து அதிலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றை வாங்குங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் பி.கே.எம்.1 என்று ஒரு ரகம் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறது. முள் உள்ள மரம். தொட்டிக்கு ஆகாது, வேலியோரம் நடுங்கள். உவர்த் தண்ணீருக்கும் காய்ச்சலுக்கும் இது அஞ்சாது. மாசி, பங்குனியில் சுருள் காய் சிவந்து வெடித்து வெள்ளையும் ரோஜா நிறமுமாகச் சதை தெரியும்போது, கிளிகளுக்கு முன்னால் நீங்கள் போக வேண்டும்.

9. மற்றவை சுருக்கமாக. மாதுளையில் கணேஷ், பகுவா இரண்டும் மென்மையான விதை. நிறத்துக்குப் பகுவா, தொட்டியில் வைத்தால் தண்ணீரை ஒரே சீராக ஊற்றுங்கள், காயவிட்டு வெள்ளமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். இலந்தையில் உம்ரான் போன்ற பெரிய ரகங்கள் ஒட்டுக்கன்றாகக் கிடைக்கின்றன, ஆனால் காட்டு இலந்தையின் அந்தப் புளிப்பு மணம் அவற்றில் இருக்காது. சிவந்த சின்னப் பழம்தான் வேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தால் மல்பெரியை வையுங்கள். குச்சி நட்டாலே வரும், வெயிலைத் தாங்கும், வெட்டிவிட வெட்டிவிடத் துளிரோடு காய்க்கும். மாமரத்துக்குத் தரையில் இடம் உள்ளவர்கள் ராஜபாளையத்துச் சப்பட்டையையும் பஞ்சவர்ணத்தையும் விட்டுவிட்டு வெளியூர் ரகத்தைத் தேட வேண்டாம்.

கன்றுக்கு முதலில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் கேளுங்கள். நம் மாவட்டத்தில் பூவாணியிலும் தேவதானத்திலும் இருக்கின்றன. ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுப் போட்ட இடம் தெரிய வேண்டும். அதற்குக் கீழே கிளம்பும் துளிரை அவ்வப்போது கிள்ளி எறிய வேண்டும். விட்டால் அடிமரம் ஜெயித்து, நீங்கள் கேட்டு வாங்கிய ரகம் காணாமல்போகும்.

10. இது நம் ஊர்க்காரருக்கு மட்டும் சொல்ல வேண்டியது, அழுத்தமாகச் சொல்கிறேன். பட்டாசு ஆலையில் காலியான டிரம்மையும் சாக்கையும் செடித் தொட்டியாக்காதீர்கள். எளிதாகக் கிடைக்கிறது, உறுதியாக இருக்கிறது என்று எடுத்துவருகிறார்கள். அதில் முன்பு என்ன இருந்தது? பேரியம் நைட்ரேட் இருந்திருக்கலாம். பச்சை ஒளிக்காகப் பயன்பட்ட அந்த உப்பு தண்ணீரில் கரையும், உடலுக்கு விஷம். பட்டாசில் பேரியம் உப்புகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. பழைய டிரம்கள் மட்டும் ஊரில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கழுவிவிட்டோம் என்று நம்பாதீர்கள். தின்னும் பழத்துக்கு அது வேண்டாம், தண்ணீர் சேமிக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. வெடியுப்பும் 13-0-45 என்று உரக்கடையில் விற்கும் பொட்டாசியம் நைட்ரேட்டும் ஒரே பொருள்தான் என்று படித்த பிள்ளைகள் என்னிடம் சொல்கிறார்கள். படிப்பு சரி. ஆனால் மருந்து அறையில் சிந்தியதும் மிஞ்சியதும் தனி உப்பாக இருக்காது. கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்திருக்கும். அதை வீட்டுக்கு எடுத்துவருவதே உயிருக்கு ஆபத்து. உரம் உரக்கடையில் வாங்குங்கள். பட்டாசுக் குப்பையை, வெடித்த தாள்களை மூடாக்காகப் போடாதீர்கள். வைக்கோலும் காய்ந்த வேப்பிலையும் இருக்கின்றன. மருந்து வேலைக்குப் போய்வருகிறவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகு செடிப் பக்கம் போங்கள்.

11. எப்போது நடுவது என்று தனியாக நாள் பார்க்க வேண்டாம். தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்திருக்கும் வாரங்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. கையில் ஓய்வும் தரையில் ஈரமும் சேர்ந்து கிடைப்பது வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். கொய்யா, சீத்தா, கொடுக்காப்புளி மூன்றையும் அப்போது நட்டால் சித்திரை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். கரிசலில் நடுகிறவர்கள் குழியைச் சுற்றி மண்ணை மேடாக்கி வையுங்கள், மழைத்தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டும்.

12. கடைசியாக, பறிக்கும் நாள். நல்ல ரகத்தைத் தேடி வைத்து, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ காத்திருந்து, பறிக்கும் நாளில் அவசரப்பட்டு ருசியை இழப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பறித்த பின் பழுக்கும் பழமும் உண்டு, பழுக்காத பழமும் உண்டு. ஸ்ட்ராபெர்ரி இரண்டாவது வகை. வெள்ளைத் தோளோடு பறித்தால் வீட்டில் நிறம் ஏறும், இனிப்பு ஏறாது. காம்பை ஒட்டிய இடம் வரை சிவந்து, பக்கத்தில் குனிந்தால் மணம் வர வேண்டும். அதற்குப் பிறகு இன்னும் ஒரு நாள் பொறுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் காம்போடு கிள்ளி, கழுவாமல் வைத்து, அன்றைக்கே தின்றுவிடுங்கள். மாதுளையும் அப்படியே, மரத்தில் பழுத்தால்தான் பழம்.

கொய்யா பறித்த பின்னும் மெத்தென்றாகும், ஆனால் கரும்பச்சை மாறி வெளிர்மஞ்சள் ஓடும்போது மரத்திலிருந்து எடுத்ததற்கு ஈடில்லை. சீத்தாவை மட்டும் மரத்தில் பழுக்க விடாதீர்கள். பிளந்து விழும், அணிலும் எறும்பும் முந்திக்கொள்ளும். மேல் கண்கள் விரிந்து, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் வெளிர்மஞ்சள் கோடு தெரிந்ததும் காம்போடு நறுக்கி, வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வையுங்கள். மூன்று நாலு நாளில் விரல் வைத்தால் அழுந்தும். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தின்றுவிட வேண்டும், மறுநாள் வரை வைத்தால் மணம் இறங்கிவிடும்.